ஸ்பிரிட் என்னும் ஒரு சொல்

ஆங்கில பாஷையிலே சிறு பிள்ளைகளும் அறிந்த சொற்களே பெரும்பாலும் பண்டிதரை மயக்குவன. அகராதியைப் புரட்டுவோர் இதனை எளிதிற் காணலாம். நெடிய சொல்லுக்கு ஒரு வரிப் பொருள் போதுகிறது. குறுகிய சொல்லுக்கு ஒரு பக்கமும் போதுவதில்லை. அத்தகைய குறுஞ்சொற்களுள் ஸ்பிரிட் என்பது ஒன்று. ஆஸ்பத்திரியில் ஊசி குத்துமுன் பஞ்சினால் தோலைத் துடைப்பவர் அதனைச் சொல்லுகிறார். பந்தாட்டத்தில் தோற்ற கட்சியாரைத் தேற்றும் தலைவரும் அதனையே சொல்லுகிறார். சட்டத்தின் எழுத்து ஒன்று, அதன் ஸ்பிரிட் வேறு என்று வக்கீல் வாதிக்கிறார். ஆங்கிலத்தில் ஆராதனை நடக்கும் ஆலயத்தில் அச்சொல் மிக்க பயபக்தியோடு உச்சரிக்கப்படுகிறது. அதே சொல்லைச் சங்கராபுரத்திற்கு மேற்கே கல்வராயன் மலையடிவாரத்தில் வண்டிகளைச் சோதிக்கும் மதுவிலக்குப் போலீசாரும் வழங்குகின்றனர். இவர் ஐவரும் கூறியது ஒரே சொல். கருதியது ஐந்து பொருள்.

இத்தகைய ஆராய்ச்சி ஓய்வுப் பொழுதிற்கு ஏற்ற விநோதமேயன்றி வேறன்று என நண்பர் சிலர் எண்ணக்கூடும். நாம் அவ்வாறு எண்ணவில்லை. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே கள்ளக்குறிச்சியிலும் அதன் சுற்றூர்களிலும் 60க்கு மேற்பட்ட மக்களைக் கொன்ற திரவமும் இச்சொல்லின் நிழலிலேயே ஒதுங்கி நிற்பது. ஒரு சொல் பல பொருள்களை ஒரே போர்வையால் மூடும்போது, அப்போர்வைக்குள் மருந்தும் நஞ்சும் அருகருகே படுத்திருக்கக்கூடும் என்பதை அந்த மாதம் நமக்குக் காட்டிற்று. ஆகலின் இச்சொல் எங்கிருந்து வந்தது, எவ்வெவ்வாறு கிளைத்தது, தமிழ் இதனை எவ்வாறு ஏற்கவேண்டும் என்பவற்றை நம் மாணாக்கரும் ஆசிரியரும் பழைய மாணவரும் சற்றே சிந்திக்கவேண்டுமென விரும்புகிறோம்.

முதலாவது, சொல்லின் பிறப்பைக் காண்போம். லத்தீன் பாஷையில் மூச்சு விடுதலைக் குறிக்கும் வினையடியினின்று பிறந்தது ஸ்பிரிட்டஸ் என்னும் பெயர். அதற்கு மூச்சு, காற்று, உயிர் என்பன பழம்பொருள்கள். கிரேக்கத்தில் நியூமா என்பதும், எபிரெயத்தில் ரூவாக் என்பதும் இப்படியே காற்றையும் மூச்சையும் ஆவியையும் ஒருங்கே உணர்த்துவன. யோவான் சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரத்தில் காற்றையும் ஆவியையும் ஒப்பிட்டுப் பேசும் இடம் ஒன்றுண்டு. மொழிபெயர்ப்பில் அங்கே இரண்டு சொற்கள் வேண்டியிருக்க, மூலத்திலே ஒரே சொல் இரு பொருள்பட நிற்பதைக் கிரேக்கம் பயின்றோர் அறிவர். மூச்சு நின்றால் உயிர் நின்றது என்பதைக் கண்ணாரக் கண்ட பழங்கால மனிதர் உயிருக்கும் மூச்சுக்கும் ஒரே பெயரிட்டது வியப்பன்று.

நம் தமிழும் இவ்விஷயத்தில் அம்மொழிகளுக்குப் பிற்பட்டதன்று. ஆவி என்னும் சொல்லை நோக்குக. கொதிக்கும் நீரினின்று எழுவது ஆவி. உடம்பினின்று பிரிவது ஆவி. இறந்தவர் உலாவுவதாகக் கருதும் உருவும் ஆவி. கிறிஸ்தவ வேதத்தில் வணங்கப்படுவதும் ஆவி. மூச்சு, உயிர், நீராவி, பேய், தெய்வம் என்னும் ஐந்தையும் ஈரெழுத்தில் அடக்கிய பெருமை நம் மொழிக்கு உண்டு. லத்தீனும் தமிழும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே வழியில் நெடுந்தூரம் நடந்து வந்திருக்கின்றன. ஆயினும் ஓரிடத்தில் வழி பிரிகிறது. ஆவி என்ற சொல்லைத் தமிழர் ஒருகாலும் மதுவிற்குப் பெயராக வழங்கியதில்லை. ஆங்கிலரோ வழங்கினர். அது எவ்வாறு நேர்ந்தது?

இதற்கு விடை ரசவாதிகளின் அடுப்பங்கரையில் இருக்கிறது. திராட்சை மதுவைக் கலத்திலிட்டுக் காய்ச்சினால் முதலில் எழுவது ஒரு மெல்லிய ஆவி. அதனைக் குளிரச்செய்து வடித்தால் மூலத்தினும் வீரியமிக்க நீர் கிடைக்கிறது. மதுவின் உடல் கலத்தில் தங்கிற்று, அதன் உயிர் மேலே எழுந்து வந்தது என்று அவர்கள் கருதினர். ஆகவே வடித்தெடுத்ததை மதுவின் ஸ்பிரிட் என்றனர். இது மதுவிற்கு மாத்திரம் இட்ட பெயரன்று. உப்பினின்று வடித்த அமிலம் உப்பின் ஸ்பிரிட் எனப்பட்டது. அதுவே இக்காலத்தார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பது. மான்கொம்பைச் சுட்டு வடித்த அம்மோனியா நீரும் ஸ்பிரிட்டே. மரத்தைக் காற்றுப் புகாமற் சுட்டு வடித்தது மரத்தின் ஸ்பிரிட். வடித்தவை யாவும் ஸ்பிரிட் என்பதே அக்காலத்து விதி. அவற்றுள் ஒன்று குடிக்கத்தக்கது, ஒன்று குடலை அரிப்பது, ஒன்று கண்ணைப் பறிப்பது என்ற வேற்றுமை பெயரில் இல்லை. இதனை வாசகர் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னர் இது நமக்கு வேண்டும்.

இனிக் கிளைகளைக் காண்போம். பழைய ஐரோப்பிய வைத்தியர், உடம்பினுள் நுண்ணிய ஆவிகள் நரம்பின் வழியே ஓடி உறுப்புக்களை இயக்குகின்றன என்று நம்பினர். அந்த வைத்தியம் மறைந்தது. அதன் சொல் மறையவில்லை. ஒருவன் உற்சாகமாயிருந்தால் உயர்ந்த ஸ்பிரிட்டில் இருக்கிறான் என்றும், சோர்ந்திருந்தால் தாழ்ந்த ஸ்பிரிட்டில் இருக்கிறான் என்றும் ஆங்கிலர் இன்றும் கூறுவது அதன் எச்சமே. பொருளாதார அறிஞராகிய கெயின்ஸ் 1936இல் வெளியிட்ட தம் பெருநூலில், வியாபாரிகள் முதலிட்டுத் தொழில் தொடங்குவது கணக்கினால் மாத்திரமன்று, அந்தப் பழைய விலங்கு ஸ்பிரிட்டுகளின் உந்துதலாலும் ஆம் என்று எழுதினார். மாந்தஸ்க்யூ என்னும் பிரெஞ்சு ஆசிரியர் 1748இல் சட்டங்களின் ஸ்பிரிட்டைப் பற்றி ஒரு நூல் செய்தார். அங்கே அச்சொல்லுக்கு உட்கருத்து என்பது பொருள். அமெரிக்கர் செவ்வாய்க் கிரகத்திற்கு அனுப்பி 2004ஆம் ஆண்டு ஜனவரியில் இறங்கிய ஊர்தி ஒன்றிற்கும் ஸ்பிரிட் என்றே பெயர். அங்கே துணிவு, வேட்கை, ஊக்கம் என்னும் மூன்றும் கலந்த ஒரு பொருளை அவர் கருதினர் போலும். கொத்தனார் சுவரின் மட்டம் பார்க்கும் கருவியையும் அவர் ஸ்பிரிட் சேர்த்தே அழைக்கின்றனர். அதன் குழாயில் உறையாத சாராயம் அடைக்கப்பட்டிருந்தமையே காரணம். நம் கொத்தனாரோ எவரையும் கேளாமல் அதற்கு ரசமட்டம் என்று அழகாய்ப் பெயரிட்டுக்கொண்டார்.

கொத்தனாரிடம் கல்லூரி மாணாக்கர் கற்கவேண்டுவது இங்கே ஒன்றுண்டு. அவர் சொல்லை மொழிபெயர்க்கவில்லை. பொருளைப் பார்த்துப் பெயரிட்டார். நம் மாணாக்கர் மொழிபெயர்ப்புத் தேர்வில் இதற்கு மாறாகச் செய்கின்றனர். விளையாட்டின் ஆவி என்றும், சட்டத்தின் ஆவி என்றும், காலத்தின் ஆவி என்றும் எழுதிய விடைத்தாள்களைப் பார்க்குங்கால் நமக்கு நகைப்பும் வருத்தமும் ஒருங்கே உண்டாகின்றன. விளையாட்டிலே வேண்டப்படுவது வென்றபோது செருக்காமையும் தோற்றபோது சினவாமையும். அதற்குப் பெருந்தன்மை என்ற சொல் இருக்கிறது. சட்டத்தில் வேண்டப்படுவது நோக்கம். காலத்திற்கு வேண்டுவது போக்கு. படைக்கு வேண்டுவது வீறு. குடிமகனுக்கு வேண்டுவது பொதுநல உணர்ச்சி. தளராமல் முயல்வதற்கு ஊக்கம் என்னும் சொல்லைத் திருவள்ளுவர் ஓர் அதிகாரத்திற்கே தலைப்பாக்கி வைத்திருக்கிறார். ஊர்த் திருவிழாவில் ஒருவர்மேல் சாமி வந்தால் அதற்கு அருள் என்றும் மருள் என்றும் ஆவேசம் என்றும் பெயர். ஆங்கிலத்திற்கு ஒரு சொல் இருக்கும் இடத்தில் தமிழுக்குப் பத்துச் சொற்கள் இருக்கின்றன. இது தமிழின் வறுமையன்று, செல்வமே. பத்தையும் விட்டு ஒன்றை இரவல் வாங்குவோன், வீட்டில் நெல் நிரம்பியிருக்க அயலார் வாசலிற் படி ஏந்தி நிற்பவனை ஒப்பான்.

இரவல் என்றமையால் வேறொரு செய்தியையும் கூறவேண்டும். ஸ்பிரிட் என்னும் சொல் தமிழுக்குள் ஒரு முறையன்று, இருமுறை நுழைந்தது. முதன்முறை வந்தது பதினாறாம் நூற்றாண்டில். போர்ச்சுக்கீசியப் பாதிரிமார் தமிழில் ஞானோபதேசம் செய்தபோது பரிசுத்த ஆவி என்னும் பொருளுக்குத் தமிழ்ச் சொல் எதனையும் இடத் துணியாமல், இஸ்பிரீத்து சாந்து என்று தம் பாஷைச் சொல்லையே வைத்துக்கொண்டனர். 1578இல் கொல்லத்திலே தமிழெழுத்தில் தம்பிரான் வணக்கம் அச்சேறிய காலம் அது. ஆவி என்றால் ஜனங்கள் பேய் என்று மயங்குவரோ என்ற அச்சம் அவர்களுக்கு இருந்திருக்கலாம். கத்தோலிக்கத் தமிழரின் ஜெபங்களில் அச்சொல் நெடுங்காலம் நிலைத்திருந்தது. பின்னர்த் தமிழ் தன் உரிமையைப் பெற்றது. 1871இல் வெளிவந்த தமிழ் வேதாகமத்திலே பரிசுத்த ஆவி என்பது உறுதியாய் வேரூன்றிற்று. இக்காலத்தில் தூய ஆவி என்பதும் வழங்குகிறது. பேயையும் தெய்வத்தையும் ஒரே சொல்லாற் கூறலாமோ என்ற அச்சம் வீணாயிற்று. பரிசுத்தம் என்ற ஓர் அடைமொழி அந்த மயக்கத்தை முற்றும் நீக்கிவிட்டது.

இரண்டாமுறை அச்சொல் வந்தது ஆலயத்தின் வழியாகவன்று; மருந்துக்கடை, விளக்கு, ஆயத்துறைக் கச்சேரி ஆகியவற்றின் வழியாக. இந்த முறை அது கொண்டுவந்த பொருள் எரியும் திரவம் என்பது ஒன்றே. இந்த முறை அதனை எவரும் தமிழாக்க முயலவில்லை. அடைமொழி தந்து தெளிவாக்கவும் முயலவில்லை. தெய்வத்தைக் குறித்த சொல்லுக்கு மூன்று நூற்றாண்டு அறிஞர் கவலைப்பட்டனர். திரவத்தைக் குறித்த சொல்லுக்கு ஒருநாளும் ஒருவரும் கவலைப்படவில்லை. ஆனால், பிழை நேர்ந்தால் அன்றே உயிர் போகும் இடம் இரண்டாவதே அன்றோ?

ஏனெனில் அத்திரவம் ஒன்றன்று. ரசாயன சாலையிற் பயிலும் மாணாக்கர் இதனை அறிவர். மற்றையோர் பொருட்டுச் சுருக்கமாய்க் கூறுகிறோம். சர்க்கரையோ தானியமோ புளித்து உண்டாவது எத்தனால். மதுவகை யாவற்றிலும் மயக்கம் தருவது இதுவே. முற்காலத்தில் மரத்தினின்று வடித்ததும், இக்காலத்தில் பெரும்பாலும் இயற்கை வாயுவினின்றும் நிலக்கரியினின்றும் தொழிற்சாலைகளில் ஆக்கப்படுவதும் மெத்தனால். வர்ணம், பசை, பிளாஸ்டிக் முதலிய பல தொழில்களுக்கு அது வேண்டும். எத்தனால் சுமார் 78 டிகிரி வெப்பத்தில் கொதிக்கும். மெத்தனால் சுமார் 65 டிகிரியில் கொதிக்கும். இரண்டும் நீர்போல் தெளிந்தவை. இரண்டும் நீரோடு கலப்பவை. மணத்தாலும் சுவையாலும் சாமானியர் ஒன்றினின்று மற்றொன்றைப் பிரித்தறிதல் இயலாது. இங்கிலாந்தில் 1855ஆம் ஆண்டு, தொழில்களுக்கு வேண்டிய எத்தனாலை வரியின்றி விற்க இசைந்த அரசாங்கம், அதனை எவரும் குடியாதிருக்கும்பொருட்டு மரத்தின் ஸ்பிரிட்டை அதிற் கலக்கச்செய்தது. மெத்திலேற்றிய ஸ்பிரிட் என்னும் பெயர் அப்போது பிறந்தது. வரியைக் காக்க நஞ்சைக் காவல் வைத்தனர். காவலனுக்கும் ஸ்பிரிட் என்றே பெயர் சூட்டினர்.

மெத்தனால் வயிற்றிற் சென்றபின் நடப்பது யாது? கல்லீரல் அதனை முதலில் பார்மால்டிஹைடாகவும், பின்னர் பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. எறும்பிற் கண்டெடுத்தமையால் அப்பெயர் பெற்ற இவ்வமிலமே நாசத்தின் மூலம். அது ரத்தத்தைப் புளிப்பிக்கும், பார்வை நரம்பை அழிக்கும், மூச்சை நிறுத்தும். கலப்பற்ற மெத்தனால் 10 மில்லிலிட்டர் அளவே ஒருவரின் பார்வையைப் பறிக்கவல்லது; 30 மில்லிலிட்டர் உயிரையே போக்கவல்லது. இதனினும் கொடியது யாதெனில், தீங்கு உடனே தோன்றாமை. குடித்து அரை நாளோ ஒரு நாளோ கழிந்தபின்னரே வயிற்றுவலியும் வாந்தியும் கண்மங்கலும் காண்கின்றன. அதற்குள் குடித்தவன் தனக்கு ஒன்றுமில்லையென்று உறங்கிவிடுகிறான். அவனைக் கண்டு அயலானும் குடித்துவிடுகிறான். இதற்கு மாற்று மருந்துகளுள் ஒன்று, மருத்துவர் மருத்துவமனையில் அளவறிந்து செலுத்தும் எத்தனால். கல்லீரல் எத்தனாலை முதலிற் கவனிக்கும். அதற்குள் மெத்தனால் மாற்றமடையாது சிறிது சிறிதாய் வெளியேறும். ஃபோமெபிசோல் என்னும் மருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் இவ்வாறே துணைசெய்வன. ஒரு ஸ்பிரிட்டின் நஞ்சிற்கு மற்றொரு ஸ்பிரிட் மருந்தாகிறது! நஞ்சும் மருந்தும் ஒரே பெயர் பூண்டு நிற்கும் இவ்விந்தை, மருத்துவர்க்கு ஒரு குறிப்பு. மற்றையோர்க்கு ஒரு படுகுழி. வீட்டிலே எவரும் இதனைச் செய்து பார்த்தல் ஆகாதென்பதை வற்புறுத்திக் கூறுகிறோம்.

இப்போது நம் பிரதேசத்தின் செய்திக்கு வருவோம். சங்கராபுரம், வடக்கே செல்லும் பாதையில் கள்ளக்குறிச்சிக்கு அண்மையிலுள்ள தாலுகாத் தலைநகர். அதன் மேற்கே எழுவது கல்வராயன் மலை. இம்மலையின் பெயர் வெளியூராருக்குப் பெரும்பாலும் சாராய ஊறலை அழித்த செய்திகளின் வாயிலாகவே தெரியும். மலையாளிப் பழங்குடியினரின் உழைப்போ, கடுக்காயும் தேனும் சிறுதானியமும் தரும் மலைவளமோ அவர்கள் செவிக்கு எட்டுவதில்லை. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலும், மாதவச்சேரி, சேஷசமுத்திரம் முதலிய ஊர்களிலும் கூலிவேலை செய்வோர் பாக்கெட்டில் விற்ற ஒரு திரவத்தை வாங்கிக் குடித்தனர். ஆடவரேயன்றிப் பெண்டிரும் குடித்தனர். முதலில் இறந்தவரின் துக்கத்திற்கு வந்தோரிலும் சிலர் அதனையே குடித்து மாண்டனர் என்று அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. அது மலையில் வடித்த சாராயமன்று. தொழிற்சாலை மெத்தனால் கலந்த நீர். ஆயினும், மலைமேலும் பழி ஏறிற்று. ஆட்சியர் மாற்றப்பட்டார், போலீஸ் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் பெற்றார். அந்த மாத முடிவிலேயே 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு ஆயுள்தண்டனைவரை தண்டங்கள் உயர்த்தப்பட்டன. மலைவாழ் மக்களின் நிலையைக் குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து விசாரணையை எடுத்துக்கொண்டது. 2024 நவம்பரில் அந்நீதிமன்றம் குற்றவழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றிற்று.

1937 என்றமையால் ஒன்று நினைவிற்கு வருகிறது. ராஜாஜி முதன்மந்திரியாயிருந்தபோது அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு முதன்முதல் தொடங்கிற்று. கல்வராயன் மலையின் மேற்குப் பாகம் சேலத்தைச் சேர்ந்தது. கிழக்குப் பாகம் அந்நாள் தென்னார்க்காட்டைச் சேர்ந்தது. சட்டத்தின் எழுத்து ஒரே மலையை இரண்டாகப் பிளந்தது. ஆனால் ஏழை வீட்டு அடுப்பு எரியவேண்டும் என்ற அதன் நோக்கம் மலையின் எப்பக்கத்திற்கும் பொதுவே. ஒரு சட்டத்திற்கு எழுத்து வேறு, உட்கருத்து வேறு என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் நமக்கு அருகில் இல்லை.

இங்கே இரு தடைகள் எழுதல் கூடும். முதல் தடை வருமாறு: "சொல்லா கொன்றது? கொன்றவை பேராசையும் வறுமையும் காவலின் சோர்வும் அல்லவோ? அறுபது குடும்பங்கள் அழுதிருக்க, நீவிர் இலக்கணம் பேசுவது தகுமோ?" இது நியாயமான கேள்வி. சொல் நஞ்சை ஊற்றவில்லை என்பதை நாம் முழுமனதோடு ஒப்புக்கொள்ளுகிறோம். விற்றவன் குற்றத்தைச் சொல்லின்மேல் ஏற்றுவோமாயின் அது பெரும் அநீதி. ஆயினும் விற்றவனுக்குத் துணைநின்றது எது என்று ஆராய்தல் வேண்டும். பாம்பைக் கயிறு என்று சொல்லி விற்பவனுக்கு இருள் துணைசெய்கிறது. இரு திரவத்திற்கும் ஒரே பெயர் வழங்கும் பழக்கமே இங்கே அவ்விருள். காவலர் தம் கடமையைச் செய்க. நீதிபதிகள் தம் கடமையைச் செய்க. வறுமையை ஒழிப்போர் அதனைச் செய்க. சொற்களைப் பேணுதல் கல்லூரியின் கடமை. அதனை நாம் செய்யாதிருத்தற்கு மற்றவர் கடமை சாக்காகாது.

இரண்டாம் தடை தனித்தமிழ் அன்பரிடமிருந்து வருவது. "ஸ்பிரிட் என்ற பிறமொழிச் சொல்லை விலக்கி எரிசாராயம் என்போம், குறை தீர்ந்தது" என்பர் அவர். குறை தீரவில்லை என்பதே நமது துணிபு. எரி என்னும் அடையைச் சேர்த்தாலும் அச்சொல் சாராயம் என்றே முடிகிறது. குடிப்பவன் செவியில் இறுதிச் சொல்லே நிற்கும். கள்ளச்சாராயம் என்ற வழக்கையும் உற்று நோக்குக. அங்கே கள்ளம் என்பது விற்பவனைப் பற்றிய அடையேயன்றித் திரவத்தைப் பற்றியதன்று. சர்க்காருக்கு வரி செலுத்தாதது என்றும், ஆதலின் விலை மலிந்தது என்றுமே ஏழைத் தொழிலாளி அதற்குப் பொருள் கொள்ளுகிறான். சட்டப்படி விற்பதும் சாராயம், கள்ளமாய் விற்பதும் சாராயம், இரண்டிற்கும் விலை ஒன்றே வேற்றுமை என்று கருதுபவனைக் கள்ளம் என்ற சொல் எவ்வாறு அச்சுறுத்தும்? கருணாபுரத்தில் விற்றது கள்ளச்சாராயமன்று. அது சாராயமே அன்று. நஞ்சை நஞ்சு என்று கூறாமல், மெத்தனால் கலந்த சாராயம் என்றும் கள்ளச்சாராயச் சாவு என்றும் நாம் எழுதும்போதெல்லாம் அதற்கு ஒரு நல்ல குலப்பெயரைத் தந்துவிடுகிறோம். ஆதலின் பிறமொழிச் சொல்லா, தமிழ்ச் சொல்லா என்பதன்று இங்கே வழக்கு. மயக்கும் சொல்லா, விளக்கும் சொல்லா என்பதே. மெத்தனால் என்பது பிறமொழிச் சொல்லேயாயினும் ஒரு பொருளையே சுட்டுவது. அது நமக்கு வேண்டும். அதன் பின்னே நஞ்சு என்ற தமிழ்ச் சொல்லும் வேண்டும். மெத்தனால் நஞ்சு என்று இரண்டும் சேர்ந்து வழங்குமாயின், பள்ளிக்கூடம் மிதியாதவரும் பொருளை உணர்வர்.

சட்டத்தை எழுதினோர் இவ்வேற்றுமையை அறியாதவரல்லர். நம் மாகாணத்தில் 1959ஆம் ஆண்டில் இயற்றிய விதிகளின் தலைப்பிலேயே, இயல்பு மாற்றிய ஸ்பிரிட் தனியாகவும், மெத்தில் ஆல்கஹால் தனியாகவும், வார்னிஷ் தனியாகவும் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஏட்டிலே மூன்றாய் நிற்பவை தெருவிலே ஒன்றாய்விடுகின்றன. ஏட்டிற்கும் தெருவிற்கும் இடையே நிற்பவர் யாவர்? படித்தவர்களாகிய நாமே அன்றோ?

ஆகவே நாம் வேண்டுவன சில உள. நம் கல்லூரியில் மொழிபெயர்ப்புக் கற்பிக்கும் ஆசிரியர், பல பொருளொரு சொல்லைத் தரும்போது மாணாக்கர் முதலிற் பொருளைத் தமிழில் விளக்கி, அதன்பின்னரே சொல்லை இடுமாறு பழக்கவேண்டும். ரசாயன, பிராணிநூற் சாலைகளில் ஸ்பிரிட் என்று மாத்திரம் எழுதி ஒட்டிய சீசா ஒன்றேனும் இருத்தலாகாது. எத்தனால், மெத்தனால் என்று தமிழெழுத்தில் முழுப்பெயரும், பின்னதற்கு நஞ்சு என்ற சொல்லும் எழுதப்படல் வேண்டும். அச்சாலைகளைத் துடைத்துக் கழுவும் ஊழியர் பலர் ஆங்கிலம் வாசிக்க அறியாதவர். வாசிக்க இயலாத எச்சரிக்கை எச்சரிக்கையாகாது. தொழிற்சாலைகளினின்று புறப்படும் பீப்பாய்களிலும் தமிழில் இவ்வாறு எழுதப்படவேண்டுமெனப் பழைய மாணவருள் தொழில் நடத்துவோரும் உத்தியோகம் வகிப்போரும் முயல்வாராக.

சங்கராபுரத்தினின்றும் வெள்ளிமலைப் பக்கத்தினின்றும் அடிவாரத்துச் சிற்றூர்களினின்றும் வந்து பயிலும் மாணாக்கருக்குத் தனியே ஒரு விண்ணப்பம் உண்டு. விடுமுறையில் நீங்கள் ஊர் செல்லும்போது ஆங்கிலப் புத்தகத்தை மாத்திரம் எடுத்துச் செல்லாதீர்கள். இரண்டு வாக்கியங்களையும் எடுத்துச் செல்லுங்கள். மெத்தனால் என்பது சாராயமன்று, நஞ்சு என்பது ஒன்று. குடித்த மறுநாள் கண் மங்கினாலோ வயிறு வலித்தாலோ விடியும்வரை காத்திராமல், வெட்கத்தையும் வழக்கிற்கு அஞ்சுதலையும் விட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும் என்பது மற்றொன்று. இவற்றை உங்கள் தந்தையரிடமும் மாமன்மாரிடமும் கூறுதற்குக் கூசவேண்டா. குடியாதிருத்தலே நன்று என்பதை அவர்கள் முன்பே கேட்டிருக்கிறார்கள். இவ்விரண்டையும் பலர் கேட்டதில்லை. அன்றியும், வெளியூர் நண்பர் கல்வராயன் மலையைச் சாராய மலை என்று இகழக் கேட்டால், அங்கே வாழ்வோர் உழவர், அப்பாக்கெட்டில் இருந்தது மலைச்சரக்கன்று, சமவெளியிலிருந்து வந்த தொழிற்சாலைச் சரக்கு என்று தயங்காது மறுத்துக் கூறுங்கள். ஒரு திரவத்திற்குத் தவறான பெயர் இடுதல் தீது; ஒரு ஜனசமூகத்திற்குத் தவறான பெயர் இடுதல் அதனினும் தீது.

மொழி வல்லோர் ஒரு சொல்லின் பல பொருள்களைக் கண்டு மகிழ்வது இயல்பே. நாமும் ஸ்பிரிட் என்னும் சொல்லின் நெடும்பயணத்தைக் கண்டு மகிழ்ந்தோம். மூச்சிலே தொடங்கித் தெய்வம் வரையும், அடுப்பிலே தொடங்கிச் செவ்வாய்க் கிரகம் வரையும் சென்ற சொல் அது. ஆனால் பல பொருள் உணர்ந்து மகிழ்தல் கற்றோருக்கு மாத்திரம் கிடைக்கும் சுகம். கல்லாதவர் ஒரு சொல்லை ஒரு பொருளாகவே நம்புகின்றனர். அந்நம்பிக்கையை முதலாக்கி நஞ்சு விற்போரும் இருக்கின்றனர். கற்றவர் தம் சுகத்தோடு அமையாது, ஒவ்வொரு பொருளையும் பிரித்து அதனதன் பெயரால் அழைக்கக் கற்பிப்பாராயின், கல்லூரியிற் கற்ற கல்வி ஊருக்குப் பயன்பட்டதாகும். அக்கடமையை இவ்வாண்டிலேயே தொடங்குமாறு நம் கல்லூரியார் அனைவரையும் வேண்டிக்கொள்ளுகிறோம்.